பெருத்த மரத்துக்கு எந்த ரம்பம்?

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் தர்றோம், வீட்டுக்குப் போனபிறகும் உபயோகப்படுகிற மாதிரி ஏதாவது பேசு" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதனால் நான் ரம்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்பது: "புயல் வந்தா மரம் விழுது. ஒரு செயின் சா வாங்கிப் போட்டுடலாமா?" மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்கள் கேட்பது: "தாத்தா காலத்து பர்மா தேக்கு உத்தரம் இருபது முப்பது இருக்கு. அறுத்து ஏதாவது பண்ணலாம்னு பார்க்கிறேன், எந்த மெஷின் வாங்கலாம்?"

இரண்டும் அடிப்படையில் ஒரே கேள்விதான். கனத்த மரத்தை எதைக் கொண்டு அறுப்பது? கடைக்காரரைக் கேட்டால் எந்த மெஷின் ஸ்டாக்கில் இருக்கிறதோ அதைச் சொல்வார். நாம் பொறியியல் படித்தவர்கள். நாமே கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நம் வட்டாரத்தின் இரண்டு வகை மரம்

முதலில் நம் கைக்கு வரும் மரம் எது என்று பார்ப்போம்.

2016 டிசம்பர் 12 யாருக்கும் மறந்திருக்காது. வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்த நாள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஒரே பகலில் நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடையாறு தியாசாபிகல் சொசைட்டி தோட்டம், கிண்டி, ஐ.ஐ.டி. வளாகம் எங்கும் அதே கதி. அதற்கும் முன்னால், 1989-இல் அடையாறு ஆலமரத்தின் தாய்மரமே காற்றில் சாய்ந்ததை இங்கிருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வெள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம், ஆனால் அப்போதும் மரங்கள் விழுந்தன. இப்படி விழுபவை தூங்குமூஞ்சி, குல்மொஹர், மஞ்சள் பூ பூக்கும் பெருங்கொன்றை போன்ற பச்சை மரங்கள். ஈரம் நிறைந்தவை, உருண்டை, கோணல், எந்தப் பக்கம் உருளும் என்று சொல்ல முடியாதவை.

இரண்டாவது வகை, வீட்டுக்குள் இருந்து வருவது. மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரை பார்த்திருப்பீர்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டத்தில் நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்தது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. ரங்கூனிலிருந்து கப்பலில் தேக்கு வந்து இறங்கிய காலம் அது. அந்தக் கட்டைகள் வைரம் பாய்ந்து, முற்றிலும் காய்ந்து, இன்றைக்குக் கடையில் கிடைக்காத தரத்தில் இருக்கின்றன. உருண்டையில்லை, சதுரம். ஆனால் உள்ளே ஆணி இருக்கும்.

ஒன்று பச்சை மரம், இன்னொன்று நூறு வருஷம் காய்ந்த மரம். இரண்டுக்கும் ஒரே மெஷின் சரிப்படாது. இது முதல் பாடம்.

குறுக்கா, நெடுக்கா?

ரம்பம் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குதிரைத்திறன் எவ்வளவு என்பதில்லைங்க. மரத்தைக் குறுக்கே வெட்டப் போகிறேனா, நெடுக்கே பலகையாகக் கிழிக்கப் போகிறேனா என்பதுதான்.

ஒரு கட்டு ஈர்க்குக் குச்சியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தின் நாரும் அப்படித்தான் நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு ஈர்க்கையும் கத்தி மாதிரி நறுக்க வேண்டும். நெடுக்கே போனால் நறுக்க வேண்டியதில்லை, உளி மாதிரி சீவிக்கொண்டு போக வேண்டும். அதனால் குறுக்கு ரம்பத்தின் பல் கத்திபோலப் பக்கவாட்டில் கூராக இருக்கும். நெடுக்கு ரம்பத்தின் பல் உளிபோல நேராக இருக்கும். நம்ம ஊர் ஆசாரிகள் இரண்டு கை ரம்பம் தனித்தனியாக வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

மெஷினுக்கு வந்தாலும் விதி மாறவில்லை. வட்ட ரம்பத்துக்கு, அதாவது சர்க்குலர் சாவுக்கு, 7 அங்குல பிளேடில் 24 பல் உள்ளது நெடுக்கறுப்புக்கு; 40, 60 பல் உள்ளது குறுக்கறுப்புக்கு. நெடுக்கே அறுக்கும்போது தூள் நீளநீளமாக நிறைய வரும். அது தங்கிப் போவதற்குப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பெரிய பள்ளம் வேண்டும். 60 பல் பிளேடைப் போட்டு 3 அங்குலத் தேக்கை நெடுக்கே தள்ளினால் தூள் வெளியேற வழியில்லாமல் அடைத்து, மரம் கருகி, மோட்டாரும் சூடேறும். "மெஷின் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பாவம், அவர் பேரில் தப்பில்லை.

செயின் சாவிலும் அப்படியே. கடையில் மெஷினோடு வரும் செயின் குறுக்கே வெட்டுவதற்கானது. அதன் பல் சுமார் 30 டிகிரி சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். பலகை கிழிக்கும் செயின் வேறு, அதன் சாய்வு 10 டிகிரிதான். சாதாரணச் செயினை வைத்து நெடுக்கே கிழித்தாலும் கிழியும். ஆனால் வேலை மெதுவாகும், பலகை முகம் சொரசொரவென்று வரும், என்ஜின் திணறும்.

இந்தச் செயின் பல்லுக்கு ஒரு சுவையான கதை உண்டு. 1926-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரச் செயின் சா செய்துவிட்டார். ஆனால் பல் மட்டும் பழைய கை ரம்பத்தின் பல்லாகவே நீண்ட நாள் இருந்தது. அடிக்கடி மழுங்கும். 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், ஒரு கட்டையை வண்டின் புழு குடைந்து கொண்டிருப்பதைப் பார்த்தார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டே நாரின் குறுக்கும் நெடுக்கும் போனது. அதே வடிவில் செயினுக்குப் பல் செய்து 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் செயின்களின் மூல வடிவம் அதுதான். புழுவிடமிருந்து டிசைன் கற்றுக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

தடிமன் எவ்வளவு?

இரண்டாவது கேள்வி, வெட்டின் ஆழம். இங்கேதான் விளம்பரம் நம்மை ஏமாற்றும். 7 அங்குல சர்க்குலர் சா என்றால் 7 அங்குல மரத்தை அறுக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வட்டத்தின் பாதிக்கும் குறைவுதான் மரத்துக்குள் போகும். நடுவில் அச்சும் மோட்டாரும் இருக்கிறதே!

கணக்கு தோராயமாக இப்படி. தச்சர்கள் கையில் இப்போது அதிகம் காணப்படும் 4 அங்குல மார்பிள் கட்டர் 34 மில்லிமீட்டர் ஆழம் போகும். 7 அங்குல (185 மி.மீ.) சர்க்குலர் சா 65 மி.மீ. 9 அங்குல (235 மி.மீ.) மெஷின் 85 மி.மீ. 16 அங்குல பிளேடு போட்ட பெரிய மெஷின் 155 மி.மீ. வரை போகும். அதன் எடையும் விலையும் அதற்கேற்ப.

உங்கள் தாத்தா வீட்டு உத்தரம் 4-க்கு 6 அங்குலம் என்று வையுங்கள். 4 அங்குலம் என்றால் 100 மி.மீ. அதைக் குறுக்கே துண்டு போட 7 அங்குல மெஷின் போதும். மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் கோடு போட்டு, மேலிருந்து 65 மி.மீ. அறுத்து, கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அறுத்தால் முடிந்தது. மார்பிள் கட்டரால் இரண்டு பக்கமும் சேர்த்து 68 மி.மீ.தான். நடுவில் ஒன்றேகால் அங்குலம் அறுபடாமல் நிற்கும்.

மார்பிள் கட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கல் அறுக்கச் செய்த மெஷின். நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். பிளேடைத் தானாக மூடும் கார்டு அதில் கிடையாது. அதில் பல் வைத்த மர பிளேடை மாட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு கனத்த மரத்தை அறுப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது இதைவிட மோசம். தச்சர் இதைச் செய்வது ஆசைப்பட்டு இல்லை, அவரிடம் இருக்கும் ஒரே மெஷின் அது. வேலை கொடுக்கும் நாம் ஒரு சர்க்குலர் சாவை வாடகைக்காவது எடுத்துக் கொடுத்தால் ஒரு மனுஷனின் விரல் மிச்சமாகும்.

மின்சார மெஷினுக்கு வயரும் முக்கியம். 2,000 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டால் போக்குவரத்தில் 10 வோல்ட் இறங்கும். கனத்த மரத்தில் ரம்பம் திணறும்போது கரண்ட் இரட்டிப்பானால் 20 வோல்ட். மே மாதத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைந்திருக்கும் தெருவில் கேட்கவே வேண்டாம். 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் பிளக், 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் இல்லாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

செயின் சாவுக்கு ஆழம் என்பது பார் நீளம். அடிமரத்தின் குறுக்களவைவிட 2 அங்குலம் நீளமான பார் இருந்தால் ஒரே போக்கில் வெட்டலாம். குடியிருப்பில் விழும் கிளைகளுக்கு 14 அல்லது 16 அங்குல பாரும் 35 முதல் 45 சிசி என்ஜினும் போதும். 2 அடி விட்ட அடிமரம் என்றால் 24 அங்குலத்துக்கு மேல் பார், 70 சிசி அளவு என்ஜின். அது பழகிய ஆளின் கையில் மட்டும் இருக்க வேண்டிய சாமான். சின்ன என்ஜினில் நீளமான பாரை மாட்டி விற்கும் மலிவு மெஷின்களைக் கண்டு மயங்க வேண்டாம். பார் நீளமானால் செயின் நீளும், உராய்வு கூடும், ஒரே நேரத்தில் மரத்தில் பதியும் பற்கள் கூடும். சக்தி எங்கிருந்து வரும்?

உள்ளே இரும்பு உண்டா?

மூன்றாவது கேள்வி பழைய மரத்துக்கானது. மெட்ராஸ் டெரஸ் கட்டையில் ஆணி இருக்கும், கொக்கி இருக்கும், ஊஞ்சல் சங்கிலி மாட்டிய வளையத்தின் முறிந்த துண்டு இருக்கும். தெருவோர மரத்தில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி பட்டைக்குள்ளே புதைந்து வளர்ந்திருக்கும். ஓடும் பல் ஆணியில் பட்டால் பல் தெறிக்கும். தெறித்த கார்பைடு துண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுண்ணாம்பைப் போக்குங்கள். ஒரு நல்ல காந்தத்தையோ கையடக்க மெட்டல் டிடெக்டரையோ நாலு பக்கமும் ஓட்டுங்கள். கருநீலக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருந்தது என்று அர்த்தம். எடுக்க முடியாத ஆணி உள்ள இடத்தில் ரெசிப்ரோகேட்டிங் சா என்று ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னும் ஓடும் நீள பிளேடு. பைமெட்டல் பிளேடு மாட்டினால் மரத்தையும் ஆணியையும் சேர்த்தே அறுக்கும். வெட்டு முகம் அழகாக இருக்காது, மெதுவாகவும் போகும். ஆனால் இடிக்கும் இடத்தில் உத்தரத்தைச் சுவரிலிருந்து விடுவிக்க அதுதான் சரியான ஆள்.

தேக்கில் இன்னொன்று. அதன் நாரிலேயே சிலிக்கா கலந்திருக்கிறது. சாதாரண இரும்புப் பல் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு நுனி வைத்த பிளேடுதான் வாங்க வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதாது, சரியான மாஸ்க் வேண்டும்.

செகண்ட் இயர் பாடம்

இப்போது நம் பேராசிரியர்களுக்கு நன்றி சொல்லும் இடம் வந்துவிட்டது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் முதலில் வரைந்த இரண்டு படங்கள் நினைவிருக்கிறதா? ஒன்று இரண்டு முனையிலும் தாங்கிய பீம். இன்னொன்று ஒரு முனையில் மட்டும் பிடித்த கேண்டிலீவர். விழுந்து கிடக்கும் மரம் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

அடிமரம் ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர் மீதும் மறுபக்கம் தரை மீதும் கிடக்கிறது என்றால், அது இரண்டு பக்கம் தாங்கிய பீம். மேல்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே முழுக்க அறுத்துக்கொண்டு போனால் வெட்டு வாய் மூடி பாரைக் கவ்விக்கொள்ளும். சரியான முறை: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டி, பிறகு கீழிருந்து மேல்நோக்கி அறுத்து முடிப்பது.

கிளை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அது கேண்டிலீவர். இப்போது தலைகீழ். கீழ்ப்பக்கம் அமுங்கியிருக்கிறது. முதலில் கீழே மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மேலிருந்து மட்டும் வெட்டினால் பாதியில் கிளை கிழிந்து, பட்டையோடு உரித்துக்கொண்டு வந்து அடிக்கும்.

சர்க்குலர் சாவிலும் இதே கதைதான். உத்தரத்தை இரண்டு முக்காலி மேல் வைத்து நடுவில் அறுத்தால் வாய் மூடி பிளேடைக் கவ்வும், மெஷின் பின்னோக்கி நம் மீதே பாயும். வெட்டப்போகும் இடம் முக்காலிக்கு வெளிப்பக்கம் வரும்படி வைத்து, துண்டு தானாகக் கீழே இறங்க விட வேண்டும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. வேர்த்தட்டு மண்ணோடு நிமிர்ந்து நிற்கும். அடிமரத்தின் கனம்தான் அதைச் சாய்த்து வைத்திருக்கிறது. அடிமரத்தை வெட்டி விட்டதும் வேர்த்தட்டு படக்கென்று பழைய குழிக்கே திரும்பும். அந்தக் குழியில் குழந்தைகள் இறங்கி வேடிக்கை பார்ப்பதை நான் வர்தா சமயத்தில் கண்டிருக்கிறேன். வெட்டு ஆரம்பிக்கும் முன் குழியைச் சுற்றி ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொள்வது மெஷின் பிடிப்பவரின் வேலையில்லை. அவர் கண் செயின் மேல் இருக்கும். அது மேற்பார்வை பார்க்கும் நம் வேலை.

கனத்தையும் மனதில் வையுங்கள். 2 அடி விட்டம், 10 அடி நீளமுள்ள பச்சை அடிமரம் கிட்டத்தட்ட முக்கால் டன் வரும். ஒரு சின்ன காரின் எடை. அதை நாலு பேர் கையால் உருட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு.

செயின் சாவுக்கே உரிய ஆபத்து, உதைப்பு. பார் மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் மேல்நோக்கி நம் முகத்துக்குத் திரும்பும். செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல். நாம் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் முன்கைப்பிடிக்கு எதிரே செயின் பிரேக் வைத்திருக்கிறார்கள். அது நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கில் செயினை நிறுத்தும். பிரேக் இல்லாத, அல்லது உடைந்துபோன மெஷினை வளாகத்துக்குள் விடாதீர்கள். வலை முகமூடி உள்ள ஹெல்மெட், காதடைப்பான், பூட்ஸ், காலுக்குச் செயின் சா உறை. அந்த உறைக்குள் நீள நார்கள் இருக்கும். செயின் பட்டதும் நார் இழுபட்டுப் பல்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தை நிறுத்தும். இத்தனையும் சேர்த்தால் மெஷின் விலையில் ஒரு பங்கு ஆகும். நம்ம ஊரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, ஈர மரத்தின் மேல் ஏறி நின்று ஒருவர் வெட்டுகிறார். நாம் பால்கனியில் காபி டம்ளரோடு "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்கிறோம். படித்தவர்கள் நாம், இது நமக்கு அழகில்லை.

பலகை வேண்டுமானால் மில்லுக்குப் போங்கள்

"சரிப்பா, பலகை கிழிக்க எது?" என்பீர்கள். என் பதில்: வாங்காதீர்கள். சா மில்லுக்கு எடுத்துப் போங்கள்.

காரணம் தூளில் இருக்கிறது. செயின் சா போகும் வழியில் 8, 9 மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. மில்லில் ஓடும் பேண்ட் சா, அதாவது பட்டை ரம்பம், ஒன்றரை மில்லிமீட்டர்தான் தின்னும். 12 அங்குல (300 மி.மீ.) கட்டையை 25 மி.மீ. பலகைகளாக்கினால் செயின் சாவில் 9 பலகை வரும், பட்டை ரம்பத்தில் 11. நூறு வருஷத்து பர்மா தேக்கில் இரண்டு பலகை தூளாகப் போவதை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா? வால்டாக்ஸ் ரோடு பக்கத்து மரக்கடைக்காரர்களைக் கேட்டால் அறுத்துக் கொடுக்கும் மில் எங்கே என்று வழி சொல்வார்கள். ஆணி எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் மில்காரர் தொடமாட்டார், அது நியாயமும்கூட.

உருண்டை மரத்தை விற்கப் போனால் ஒரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வியாபாரி கயிற்றால் சுற்றளவு எடுத்து, அதை நாலாய் மடித்து, அந்த நாலில் ஒன்றை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வார். நம் சூத்திரப்படி வரும் கனஅளவில் இது 78.5 சதவீதம்தான், அதாவது பை-யின் நாலில் ஒன்று. பட்டைக்கும் ஓரக் கழிவுக்கும் விட்டுக்கொடுக்கும் பழைய வழக்கம் இது. மோசடி என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் அதே கணக்குதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வர்தாவுக்குப் பிறகு தெருவெல்லாம் கிடந்த தூங்குமூஞ்சி மரங்களை லாரியில் ஏற்ற வசதியாக இரண்டு அடி, மூன்று அடித் துண்டுகளாகப் போட்டார்கள். அவசரத்தில் வேறு வழியில்லை. போக்குவரத்தைத் திறந்தாக வேண்டும், மின்கம்பியை இழுத்தாக வேண்டும். ஆனால் இதே மரத்தை ஹவாய்த் தீவுகளில் 'மங்கிபாட்' என்ற பெயரில் மேஜை பலகையாகவும் கிண்ணமாகவும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். மூன்றடித் துண்டிலிருந்து மேஜை வராது, அடுப்புக்குத்தான் போகும். நம் வளாகத்துக்குள் விழுந்த மரமாவது, அவசரமில்லாதபோது, ஏழு எட்டு அடி நீளத்தில் நேரான பகுதியைத் தனியே வைத்து, முனைகளில் பெயின்ட் அடித்து நிழலில் போட்டால் வெடிக்காமல் இருக்கும். மில்லுக்கு அனுப்பிப் பலகையாக்கி, அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று காய வைத்தால் குடியிருப்புக்கு நாலு பெஞ்சு தேறும்.

வாங்குவதா, வாடகைக்கா?

கடைசியாக, பராமரிப்பு. எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் வர்தா முடிந்த கையோடு ஒரு பெட்ரோல் செயின் சா வாங்கி மோட்டார் ரூமில் வைத்தார்கள். 2023-இல் மிக்ஜாம் வந்தபோது இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், ஸ்டார்ட் ஆகவேயில்லை. ஏழு வருஷம் டாங்கிலேயே கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இன்னும் சீக்கிரம் கெடும். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். செயின் மழுங்கினால் அரம் போடத் தெரிய வேண்டும். வெளியே விழுவது சில்லுகளாக இருந்தால் பல் கூர். மாவாகக் கொட்டினால் மழுங்கல். மழுங்கிய ரம்பத்தைத்தான் நாம் அழுத்துவோம், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

இத்தனையும் செய்ய ஆள் இல்லாத குடியிருப்புக்கு என் சிபாரிசு இது. பேட்டரியில் ஓடும் 12 அங்குல செயின் சா ஒன்று, அதற்கு இரண்டு பேட்டரி. 8 அங்குலம் வரை உள்ள கிளைகளை அது பார்த்துக்கொள்ளும். கரண்ட் போன புயல் நாளிலும் ஓடும், பெட்ரோல் கெடும் பிரச்சினை இல்லை. பேட்டரியை மட்டும் பாதி சார்ஜில் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொண்டால் சரி. அதற்கு மேல் கனமான அடிமரம் என்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள், அல்லது பழகிய ஆளை மெஷினோடு கூப்பிடுங்கள். மின்கம்பி மேல் விழுந்த மரமென்றால் மின்வாரியத்து ஆள் வந்து லைனை நிறுத்தியதை உறுதி செய்யும்வரை இலையைக்கூடத் தொடக்கூடாது. நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ரம்பம் கையில் இருக்கிறதே என்று மரத்தைத் தேடிப் போகாதீர்கள்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு: ஒரு 7 அங்குல சர்க்குலர் சா, 24 பல்லும் 40 பல்லுமாக இரண்டு கார்பைடு பிளேடு, ஒரு காந்தம், ஒரு மூலைமட்டம். துண்டு போடுவதும் ஓரம் சரிசெய்வதும் வீட்டிலேயே ஆகும். பலகை கிழிப்பது மில்லில். இதற்கு மேல் வாங்கினால் அது பரணுக்குத்தான் போகும்.

கேள்வி நேரத்தில் ஒரு ஜூனியர் தங்கை, "ஆள் மெஷினோடு வந்தால் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். செயின் பிரேக் வேலை செய்கிறதா, காலில் பூட்ஸ் இருக்கிறதா, இரண்டாவது ஆள் கூட இருக்கிறாரா, மரம் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது என்று வெட்டும் முன் அவர் சுற்றி வந்து பார்த்தாரா. இந்த நாலும் சரியாக இருந்தால் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மரம் நாளைக்கும் அங்கேயேதான் கிடக்கும்.

 பந்தி தயாராகிவிட்டதாகச் செயலாளர் அண்ணன் ஜாடை காட்டுகிறார்.